மின்துண்டிப்பும் அவகாச உரிமையும்: 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவை முன்வைத்து

பாக்கியை வசூலிக்க வேண்டுமானால் வழக்குத் தொடர வேண்டும் என்பதே உரிமையியல் சட்டத்தின் பொது வழி. மளிகைக் கடைக்காரர் பாக்கிக்காக வாடிக்கையாளரின் அடுப்பை அணைத்துவிட்டுப் போக முடியாது. மின் நிறுவனத்துக்கோ சட்டம் அப்படியோர் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. தானே பில் போட்டு, தானே பாக்கியை முடிவு செய்து, தானே ஆளனுப்பி ஃபியூஸைப் பிடுங்கலாம். வழக்காளி, நீதிபதி, அமீனா மூவரும் அங்கே ஒருவரே. இவ்வளவு பெரிய அதிகாரத்துக்குச் சட்டம் என்ன வரம்பு கட்டியிருக்கிறது, அந்த வரம்பு இன்று எங்கே தளர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பணம் கட்டத் தவறிய நாளுக்கும் மின்சாரம் நிற்கும் நாளுக்கும் இடையில் கிடைக்கும் அவகாசத்தை நம்பியே நுகர்வோரின் காப்புகள் அத்தனையும் நிற்கின்றன. முன்பண மீட்டர் அந்த அவகாசத்தையே பறித்துவிடுகிறது என்பது என் வாதம்.

1910ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, துண்டிப்புக்கு முன் முழுமையான 7 நாள் எழுத்துவழி அறிவிப்பைக் கேட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56(1) பிரிவு அதை 15 நாளாக்கியது. அறிவிப்புக் கிடைத்த நாளையும் துண்டிக்கும் நாளையும் கழித்துவிட்டு, இடையில் 15 நாள் இருக்க வேண்டும். அறிவிப்பை எப்படிச் சேர்ப்பிப்பது என்பதையும் 171ஆம் பிரிவு சொல்கிறது: ஒப்புகைக் கையொப்பம் பெற்று நேரில் தரலாம், பதிவுத் தபாலில் அனுப்பலாம், அல்லது விதிகள் வகுத்த வேறு வழியில் சேர்க்கலாம். மின்திருட்டின் கதை வேறு. அங்கே 135ஆம் பிரிவு உடனடித் துண்டிப்பை அனுமதிக்கிறது. பணம் கட்ட முடியாதவரையும் திருடியவரையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கவில்லை.

56(1) பிரிவின் காப்புரையை நம் நுகர்வோரில் மிகச் சிலரே அறிவர். பில் தவறு என்று கருதுபவர் எதிர்ப்பைப் பதிவுசெய்து ஒரு தொகையைச் செலுத்தினால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. அந்தத் தொகை எது? நிறுவனம் கேட்கும் முழுத் தொகை ஒன்று. முந்தைய 6 மாதங்களில் கட்டிய கட்டணத்தின் சராசரிப்படி மாதந்தோறும் வருவது மற்றொன்று. இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். மாதச் சராசரி 600 ரூபாயாக இருந்த குடும்பத்துக்கு மீட்டர் கோளாறால் இரண்டு மாத பில் 18,000 ரூபாய் வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 1,200 ரூபாயைக் கட்டி, எதிர்ப்பை எழுத்தில் தந்தால் லைன்மேன் கம்பத்தில் ஏற முடியாது. நாடாளுமன்றம் தந்த உரிமை இது. யாருடைய தயவும் இதற்குத் தேவையில்லை.

நடைமுறையில் இந்த உரிமை ஏன் செத்துக் கிடக்கிறது என்பதற்குத் தமிழ்நாடே சான்று. இங்கே வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். பணம் கட்ட 5 நாள், துண்டிப்புக்கு முந்தைய அறிவிப்புக் காலமாக 15 நாள் என்ற கணக்கில் 20 நாள் அவகாசம் உண்டு. அந்த 15 நாளுக்கெனத் தனி அறிவிப்பு எதுவும் வீட்டுக்கு வருவதில்லை. கணக்கீட்டு அட்டையில் குறித்ததும் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியுமே எல்லாவற்றுக்கும் போதும் என்று ஆகிவிட்டது. பில்லும் எச்சரிக்கையும் ஒன்றாகிவிட்ட இடத்தில், 'இந்தத் தொகையை நீங்கள் மறுக்கலாம், மறுத்தால் இவ்வளவு கட்டினால் போதும், இன்னாரிடம் முறையிடலாம்' என்ற செய்தி எங்கும் இடம்பெறாமல் போகிறது.

இந்தக் குறையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இலேயே அடையாளம் கண்டது. மெம்ஃபிஸ் நகரின் மின்–எரிவாயு–குடிநீர் நிறுவனத்துக்கும் கிராஃப்ட் தம்பதியருக்கும் இடையிலான வழக்கு அது. அவர்கள் வாங்கிய வீட்டில் இருந்த இரட்டை மீட்டர்களால் இரண்டு பில்கள் வந்தன. குழப்பம் தீராமலே இணைப்பு பலமுறை துண்டிக்கப்பட்டது. கட்டாவிட்டால் துண்டிப்போம் என்று எச்சரித்த அறிவிப்பில், பில்லை எப்படி மறுப்பது என்பது இல்லை. முறையிடும் வழியைச் சொல்லாத அறிவிப்பு உரிய சட்ட நடைமுறை ஆகாது என்றும், தவறைத் திருத்தும் அதிகாரமுள்ள ஓர் அலுவலரைத் துண்டிப்புக்கு முன்பே சந்திக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் 56(1) காப்புரை அதைவிட வலுவானது. அதை மக்களிடம் கொண்டுசேர்க்கும் கடமைதான் சட்டத்தில் இல்லை.

முறையீட்டுக்கு 42(5) பிரிவின்கீழ் குறைதீர் மன்றமும், 42(6) பிரிவின்கீழ் மின்குறைதீர்ப்பாளரும் உண்டு. மன்றத்தின் தலைவராக மின் நிறுவனத்தின் அலுவலரே இருக்கிறார். 2020ஆம் ஆண்டு மின்நுகர்வோர் உரிமை விதிகளும் அதை மாற்றவில்லை. துண்டித்த நிறுவனத்தின் அதிகாரியே துண்டிப்பு சரியா என்று விசாரிப்பதில் நியாயம் தோன்றுவது கடினம்.

56(2) பிரிவு இன்னொரு காப்பு. ஒரு தொகை முதலில் செலுத்தத்தக்கதான நாளிலிருந்து 2 ஆண்டு கடந்தபின், அது தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்பட்டிருந்தாலன்றி, அதை வசூலிக்கவும் முடியாது, அதற்காகத் துண்டிக்கவும் கூடாது. நிறுவனம் தானே தவறாகக் கணக்கிட்டுவிட்டு ஆண்டுகள் கழித்துக் கூடுதல் பில் அனுப்பினால் என்ன செய்வது? அஜ்மீர் மின் பகிர்மான நிறுவனம் தவறான கட்டணப் பிரிவில் கணக்கிட்டுவிட்டு, 2009 ஜூலை முதல் 2011 செப்டம்பர் வரையிலான காலத்துக்கு 2014 மார்ச்சில் கூடுதல் பில் அனுப்பியது. ரஹமத்துல்லா கான் வழக்கில் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நடுவழி ஒன்றைக் கண்டது: பணத்தை வேறு சட்ட வழிகளில் வசூலிக்கலாம், மின்சாரத்தை மட்டும் நிறுத்தக் கூடாது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ப்ரேம் காட்டெக்ஸ் வழக்கு வந்தது. மீட்டரின் பெருக்கல் காரணி 10 என்றிருக்க வேண்டிய இடத்தில் 5 என்று கணக்கிட்டிருந்தார்கள். பில்லே அனுப்பாத தொகையைக் கட்டாமல் விட்டதாக நுகர்வோரைச் சொல்ல முடியாது, ஆகவே காலவரம்பே தொடங்கவில்லை, துண்டிப்புத் தடையும் பொருந்தாது என்றது அத்தீர்ப்பு. இரண்டுமே இரு நீதிபதிகள் அமர்வின் தீர்ப்புகள். முன்னதே சரியானது என்பது என் முடிவு. காலவரம்பு தொடங்கவில்லை என்ற தருக்கத்தை ஏற்றாலும், துண்டிக்கும் அதிகாரத்தைக் கட்டத் தவறியவர்மீதுதானே சட்டம் தந்தது? கட்டத் தவறாத ஒருவர், நிறுவனத்தின் கணக்குப் பிழைக்காக இருட்டில் உட்கார வேண்டுமா?

வாடகைக்குடியிருப்போர் நிலை இன்னும் மோசம். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். எச்சரிக்கையும் அவர் கைப்பேசிக்கே. வாடகையோடு கரண்ட் பில்லையும் மாதந்தவறாமல் கொடுத்துவிட்டவர், வீட்டுக்காரர் கட்டாமல் விட்டதை ஃபியூஸ் போன பிறகே அறிகிறார். 2009இல் தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் இதே சிக்கலை ஜோசப் வழக்கில் தீர்த்தது. ஜொகன்னஸ்பர்க்கின் எனர்டேல் மேன்ஷன்ஸ் குடியிருப்பில் உரிமையாளர் பாக்கி வைத்ததால், குடியிருந்தவர்களுக்குச் சொல்லாமலே இணைப்பு நிறுத்தப்பட்டது. நிறுவனத்தோடு அவர்களுக்கு ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், பொதுச்சேவையைப் பெறும் குடிமக்கள் என்ற முறையில் துண்டிப்புக்கு முன் 14 நாள் அறிவிப்புப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது.

இந்தியச் சட்டத்திலும் அதற்கு அடிப்படை இருக்கிறது. தன் பயன்பாட்டுக்கு மின்சாரம் வழங்கப்படும் எவரையும் 2(15) பிரிவு நுகர்வோர் என்கிறது. வீட்டுக்காரரின் தடையில்லாச் சான்று இல்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது என்று 2022இல் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மறுபுறம், 2023 மே மாதம் கே.சி. நைனான் வழக்கில், ஒழுங்குமுறை விதிகள் இடமளித்தால் முந்தைய உரிமையாளரின் பாக்கியைத் தீர்த்த பிறகே புதியவருக்கு இணைப்பு என்று நிபந்தனை விதிக்கலாம் என்றது. கடன் கட்டடத்தைத் தொடர்ந்து வருகிறதென்றால், அறிவிப்பும் கட்டடத்தில் வாழ்பவரைத் தேடி வர வேண்டாமா?

இனி முன்பண மீட்டர். 2020ஆம் ஆண்டு விதிகள், புதிய இணைப்புக்கான மீட்டர் முன்பண மீட்டராக இருக்க வேண்டும் என்றும், விலக்குக்கு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் தேவை என்றும் சொல்கின்றன. 2021இல் தொடங்கிய ஒன்றிய அரசின் மின் பகிர்மானச் சீரமைப்புத் திட்டம் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காக வைத்தது. பகிர்மான நிறுவனங்களின் கடன் சுமை உண்மையானது. வசூலை ஒழுங்குபடுத்த அவை வழி தேடுவதில் தவறில்லை. ஆயினும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் முன்பண மீட்டர் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். அதை ஏற்க முன்வருபவரிடம் வைப்புத்தொகை கேட்கக் கூடாது என்று 47(5) பிரிவு சொல்கிறது. அங்கே அது நுகர்வோரின் விருப்பத் தேர்வு. கட்டாயம் பின்னால் விதிகளின் வழியாக நுழைந்தது.

இருப்பு தீர்ந்ததும் மின்சாரம் தொலைவிலிருந்தே நிற்கும். முன்பண முறையில் பாக்கியே கிடையாது, ஆகவே 56ஆம் பிரிவு பொருந்தாது என்பது நிறுவனங்கள் தரப்பில் வைக்கக்கூடிய வாதம். இது இரண்டு காரணங்களால் நிற்காது. நிலைக்கட்டணம் விதிக்கப்படும் இடங்களில், ஒரு யூனிட்கூட எரிக்காத நாளிலும் அது கணக்கில் ஏறுகிறது. இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போனால் அது செலுத்தத்தக்க தொகைதான். அதைவிட முக்கியமானது தகராறு. பழைய முறையில் பணம் நுகர்வோர் கையில் இருக்கும்போதே பில்லை மறுக்கலாம். முன்பண மீட்டர் தவறாக ஓடினால், பணம் முதலில் போய்விடும், பிறகு மின்சாரமும் போய்விடும். எதிர்ப்புடன் சராசரித் தொகையைக் கட்டி இணைப்பைக் காத்துக்கொள்ளும் உரிமைக்கு அங்கே நுழைவாசலே இல்லை. நாடாளுமன்றம் ஒரு வரியைக்கூடத் திருத்தாமலே, 56(1) பிரிவின் காப்புரை ஒரு கருவியின் மென்பொருளால் ரத்தாகிறது. விதி, தன்னைப் பெற்ற சட்டத்தை மீற முடியாது என்பது நிர்வாகச் சட்டத்தின் அடிப்படை.

பிரிட்டனின் பட்டறிவு நமக்குப் பயன்படும். அங்கே பாக்கி வைத்தவர் வீடுகளில் நீதிமன்ற ஆணையுடன் நுழைந்து முன்பண மீட்டர் பொருத்தினார்கள். நோயுற்றோர் வீடுகளிலும் அது நடந்ததை 2023 பிப்ரவரியில் பத்திரிகைகள் வெளிக்கொணர்ந்தன. கட்டாயப் பொருத்துதலை நிறுத்திவைக்கச் சொன்ன ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், பிறகு முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளுக்குக் கடும் வரம்புகள் விதித்தது. இருப்பு தீர்ந்தால் அவசரக் கடன் தருவதும், இரவிலும் விடுமுறையிலும் துண்டிக்காமல் இருப்பதும் 2020 இறுதியிலிருந்தே அங்கு கட்டாயம். பிரான்ஸில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பாக்கிக்காக வீடுகளின் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. அங்கே குளிர் கொல்லும். இங்கே மே மாத வெயில் கொல்லும்.

உறைவிட உரிமையில் மின்சாரமும் அடங்கும் என்று 1995இல் சமேலி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருவண்ணாமலை மாவட்டப் புறம்போக்கு நிலக் குடியிருப்புகளைப் பற்றிய வழக்கில், மின்சாரம் மனித உரிமையோடு பிணைந்தது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் சொன்னது. இத்தீர்ப்புகளுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் மாநில ஒழுங்குமுறை ஆணையம் சிலவற்றை உடனே செய்ய வேண்டும். எதிர்ப்புடன் கட்டும் உரிமையை ஒவ்வொரு எச்சரிக்கையிலும் தமிழில் அச்சிடச் செய்ய வேண்டும். குடியிருப்பவருக்கே அறிவிப்பு தர வேண்டும். முன்பண மீட்டரிலும் இருப்பு தீர்ந்த பின் 15 நாள் மின்சாரம் தொடர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. கட்டணம் செலுத்தாமைக்கான துண்டிப்பையும் மறு இணைப்பையும் வழங்கல் விதித்தொகுப்பில் வரையறுக்கும் அதிகாரத்தை 50ஆம் பிரிவு மாநில ஆணையத்திடம் 2003இலேயே ஒப்படைத்துவிட்டது.