தூதரக வாசலில் இருந்து மாத்தளை வரை

மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் 2012–13இல் 150க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வெளிவந்தன. 1987–89இல் காணாமல்போன எங்கட பிள்ளைகள் என்றன பல குடும்பங்கள். எலும்பின் வயது பற்றி இழுபறி. நாங்கள் இந்தக் கதையை ஒரு தூதரக வாசலில் தொடங்குகிறோம்.

1971 மார்ச் 6, கொழும்பில் அமெரிக்கத் தூதரகம் தாக்கப்பட்டது. ஒரு பொலிஸ்காரர் இறந்தார். தூதரகத்தைக் காப்பது அரசின் கடமை, 1961 வியன்னா ஒப்பந்தம் சொல்வதும் அதுதான். தாக்கினவனைப் பிடி, வழக்குப் போடு, சரி. ஜே.வி.பி. சதி பற்றிய தகவலும் சேர, பத்தே நாளில் சிறிமாவோ அரசு அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தியது. மரண விசாரணை இல்லாமலே உடல்களைப் புதைக்கலாம், எரிக்கலாம் என்று விதியும் வந்தது. தூதரகத்தைக் காக்க இது எதுக்கு?

ஏப்ரலில் கிளர்ச்சி வெடித்தது, ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1988இல் இன்னொரு அரசு அதே மாதிரி விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. மாத்தளைக் குடும்பங்கள் பிள்ளைகளைத் தேடி அலைந்தது அந்த விதிக்குக் கீழேதான்.