பிட் ஆழம்

எண்முறை ஒலிப்பதிவில் ஒலி அலையின் ஒவ்வொரு மாதிரியையும் அளந்து எழுதப் பயன்படும் இரும இலக்கங்களின் எண்ணிக்கையே பிட் ஆழம். 16 பிட்டில் 65,536 படிகள் உண்டு. 24 பிட்டில் 1,67,77,216. அலையின் அளவு இரு படிகளுக்கு நடுவே விழுந்தால் பக்கத்துப் படிக்குத் தள்ளப்படும். இந்தச் சிறு பிழைகள் சேர்ந்துதான் இரைச்சலாகின்றன. ஒரு பிட் கூடினால் படி பாதியாகச் சிறுக்கும், இரைச்சல் சுமார் 6 டெசிபல் இறங்கும். கணக்குப்படி 16 பிட்டின் இயங்கு வீச்சு (இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் உள்ள இடைவெளி) 98 டெசிபல், 24 பிட்டுக்கு 146. வெப்ப இரைச்சல் காரணமாக நல்ல கருவிகளே 120 டெசிபலை ஒட்டி நின்றுவிடுவதால், 24 பிட்டின் கடைசிச் சில பிட்டுகளில் இருப்பது வெறும் இரைச்சல்.

நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டைப் பதிபவருக்கு இந்த வேறுபாடு எங்கே உதவும்? புலவர் தணிந்த குரலில் கதை சொல்லிக்கொண்டிருப்பார். சாமி வரும் கட்டத்தில் வீசுகோலும் குடமும் உடுக்கும் ஜால்ராவும் குரவையும் ஒருசேர எழும். உச்சம் எட்டும் அளவை முன்கூட்டிச் சொல்ல முடியாது. எல்லையைத் தாண்டிய ஒலி வெட்டுப்பட்டுப் போகும்; பிறகு மீட்க வழியில்லை. ஆகவே 20 டெசிபல் இடம் விட்டுப் பதிவது நல்லது. 16 பிட்டில் அப்போது மிஞ்சுவது 78 டெசிபல்தான். தணிந்த பகுதியைப் பின்னால் உயர்த்தினால் இரைச்சலும் கூடவே உயரும். 24 பிட்டில் இந்தக் கவலை இல்லை.

பந்தலின் ஜெனரேட்டர் ஓசையை எந்தப் பிட் ஆழமும் குறைக்காது. பின்னணி 50 டெசிபல், உச்சம் 110 என்று வைத்துக்கொண்டால் வேண்டிய வீச்சு 60தான். கேட்பவருக்கு 16 பிட் தாராளம். 24 பிட் பதிபவருக்கான வசதி என்பதே சரி.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண் வேறு வகைச் சோதனை. தட்டிய நாதம் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கும். அடங்கும் ஒலி கடைசிப் படிகளில் வந்து நிற்கும்போது பிழை ஒலியோடு பிணைந்து கரகரப்பாகக் கேட்கும். 24 பிட்டை 16 ஆக்கும்போது வேண்டுமென்றே சிறிது இரைச்சலைக் கலப்பது அதனால்தான். டிதர் எனப்படும் இது அந்தப் பிணைப்பை அறுத்து, கரகரப்பைச் சீரான மெல்லிய இரைச்சலாக்கிவிடும்.

நாகர்கோவிலில் 1984இல் அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் தொடங்கிய காலத்தில் பதிவெல்லாம் காந்த நாடாவில். நாடாவின் வீச்சுக்குப் பெரும்பாலும் 16 பிட்டே போதும். இருந்தும் ஆவணக் காப்பகங்கள் 24 பிட்டில் எண்முறையாக்குகின்றன; திருத்தும் ஒவ்வொரு முறையும் தோராயப் பிழை சேர்வதே காரணம். செலவும் பெரிதல்ல: 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேர ஸ்டீரியோப் பதிவு 16 பிட்டில் சுமார் 690 மெகாபைட், 24 பிட்டில் 1,040.