காஹாலின் இரண்டு வெள்ளி வேலைகள்

ஸ்பானிய அறிவியலாளர் சாந்தியாகோ ரமோன் இ காஹாலின் வாழ்வில் நரம்பியல் தொழில், புகைப்படம் பொழுதுபோக்கு என்று பிரித்துப் பேசுவதே வழக்கம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை நிலைப்பதில்லை.

இரண்டுக்கும் மூலப்பொருள் வெள்ளி. ஆய்வு மேசையில், இத்தாலிய மருத்துவர் கோல்ஜி 1873இல் வெளியிட்ட முறைப்படி, டைக்குரோமேட்டில் ஊறிய மூளைத் துண்டை வெள்ளி நைட்ரேட்டில் இட்டார். இருட்டறையில், ஜெலட்டினோடு கலந்த வெள்ளி புரோமைடைக் கண்ணாடித் தகட்டில் தம் கையாலேயே பூசினார்.

வேற்றுமை வெள்ளியின் நடத்தையில் இருக்கிறது. தகட்டில் எந்த இடம் கறுக்க வேண்டும் என்பதை ஒளி தீர்மானிக்கிறது. மூளைத் துண்டிலோ எந்த நரம்பணு கறுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஒரு சிலவே கறுக்கும். தகட்டில் விடுபட்ட இடம் குறை. மூளைத் துண்டில் அதுவே வரம். எல்லாமே கறுத்திருந்தால் மை கொட்டிய தாள்தான் மிஞ்சியிருக்கும். அப்போது ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தது என்று காஹால் 1888இல் கண்டிருக்க முடியாது.

வியப்பு என்னவெனில், இரு வேலைகளும் ஒன்றின் கருவியை மற்றொன்று எடுத்துக்கொண்டன. 1903இல் அவர் வகுத்த புதிய சாயமுறையில் வெள்ளியைக் கறுக்க வைத்தது பைரோகாலால். புகைப்படக்காரர்கள் படத்தைத் துலக்கப் பயன்படுத்திய அதே பொருள். மறுபுறம், பிரெஞ்சு இயற்பியலாளர் லிப்மானின் வண்ணப் புகைப்படத் தகட்டின் படலத்தை மூளைத் திசுவைப் போலவே மெல்லியதாகச் சீவி, உள்ளே வெள்ளித் துகள்கள் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்.

ஆயினும் நரம்பணுக்களை அவர் பெரும்பாலும் வரைந்தே காட்டினார். தடித்த சீவலில் ஓர் அணுவின் கிளைகள் வெவ்வேறு ஆழங்களில் ஓடும். நுண்ணோக்கியின் திருகைச் சற்றுத் திருப்பினால் ஒரு கிளை தெளியும், இன்னொன்று மங்கும். கேமராவுக்கு ஒரே தளம்தான் கூர்மையாகப் பிடிபடும். பென்சிலோ எல்லாத் தளங்களையும் ஒரே தாளில் சேர்த்துவிடும். தம் தோற்றத்தையும் குடும்பத்தையும் பதியக் கேமராவை நம்பியவர், நரம்பணுவுக்கு அதை நம்பவில்லை. கேமராவின் எல்லையை அறிய நல்ல புகைப்படக்காரராகவும் இருக்க வேண்டியிருந்தது.

1906இல் நோபல் பரிசு பெற்றவரும், 1912இல் வண்ணப் புகைப்படம் பற்றி நூல் எழுதியவரும் ஒருவரே. அவரது பொழுதுபோக்கைக் கடைசிப் பத்தியில் ஒதுக்கும் வாழ்க்கைக் குறிப்புகள் அவரது அறிவியலையும் பாதிதான் சொல்கின்றன.