ஒரு படம், பல கண்கள்: மூளைப் படங்களை வாசித்தலின் வரலாறு



புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து கிரியான் வயல்களுக்கு நீர் பாய்ச்சும் பாசனத் திட்டம் 1906ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. பாகான் செராயின் நெல்வளத்திற்கு வித்திட்ட அதே ஆண்டு, நவம்பர் 3ஆம் நாள், ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் அலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் ஓர் உரை நிகழ்த்தினார். அவ்வாண்டு ஏப்ரலில், 55ஆம் வயதில் மறைந்த அகுஸ்தே டேட்டர் என்னும் பெண்மணியின் மூளைத் திசுவுக்குச் சாயமேற்றி நுண்நோக்கியில் ஆராய்ந்த அவர், நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் உள்ளே முறுக்குண்ட இழைகளையும் கண்டதை விளக்கினார். அவையில் ஒருவரும் வினா எழுப்பவில்லை. 1910இல் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

அன்று முதல் மருத்துவத்தை ஓர் இடர்ப்பாடு தொடர்ந்தது. நோயின் அறுதியான சான்று இறந்தவரின் மூளையில்தான் கிடைத்தது. விடை வேண்டியவர்களோ உயிரோடிருந்தார்கள். அந்த இடைவெளியை நிரப்ப வந்தவை படங்கள்.

படக்கருவிகள் நமக்குப் புதியவை அல்ல. மலாயாவின் முதல் எக்ஸ்ரே கருவி 1897இல் நம் அண்டை நகரான தைப்பிங்கில் இயங்கியதாக மருத்துவ வரலாறு கூறுகிறது. எனினும் எக்ஸ்ரேயால் மண்டையோட்டைக் காண முடிந்ததேயன்றி மூளையைத் தெளிவாகக் காண முடியவில்லை. 1971இல் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவி இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. பின்னர் எம்.ஆர்.ஐ. வந்தது. நினைவுக்கு இன்றியமையாத உட்பொட்டுப் பகுதியின் சுருக்கத்தைக் கண்ணால் கண்டு 0 முதல் 4 வரை மதிப்பெண் இடும் முறையை 1992இல் நெதர்லாந்தின் பிலிப் ஷெல்டன்ஸ் குழுவினர் வகுத்தனர்.

ஒரு படத்திற்கு ஒருவர் 1 என்றும் மற்றவர் 2 என்றும் மதிப்பெண் இட்டால் எதனை ஏற்பது? தமிழறிந்தோர்க்கு இவ்வினா பழகியதே. ஏட்டுச் சுவடிகளில் புள்ளியின்றி எழுதப்பட்ட எழுத்தை ஒருவர் மெய்யாகவும் மற்றவர் உயிர்மெய்யாகவும் படிப்பர், பொருளே மாறிவிடும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கியே பாடம் துணிந்தார். ஆனால் மூளைப் படத்தில் ஏடு ஒன்றே, வேறுபடுபவை கண்கள்.

இதனை மருத்துவ உலகுக்கு உறைக்கும்படி காட்டியது ஒரு காசநோய் ஆய்வு. எந்த அளவு எக்ஸ்ரே படச்சுருள் சிறந்தது என்றறிய, அமெரிக்காவில் 1,256 பேரின் நெஞ்சுப் படங்களை ஐந்து மருத்துவர்கள் தனித்தனியே வாசித்தனர். 1947இல் வெளியான முடிவு எதிர்பாராதது. படச்சுருள்களுக்கிடையே இருந்த வேறுபாட்டைவிட வாசித்தவர்களுக்கிடையே இருந்த வேறுபாடு பெரிதாயிற்று. அதே மருத்துவர் அதே படத்தை மறுமுறை வாசித்தபோது தம் முந்தைய கூற்றிலிருந்தே மாறுபட்டதும் உண்டு.

ஒற்றுமையை அளப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நூறு படங்களில் தொண்ணூற்றை 'நோயில்லை' என்று கூறும் வழக்கமுடைய இருவர், படத்தைப் பாராமலே கூறினாலும் ஏறத்தாழ 82 படங்களில் ஒத்துப்போவர். இத்தகைய தற்செயல் ஒற்றுமையைக் கழித்து எஞ்சியதை மட்டும் கணக்கிடும் 'கப்பா' என்னும் அளவையை 1960இல் ஜேக்கப் கோகன் வகுத்தார். தற்செயலுக்கு மேல் ஒன்றுமில்லையெனில் கப்பா சுழியம். முழுமையாக ஒத்தால் ஒன்று.

இவ்வரலாற்றின் திருப்புமுனை 2011 சனவரியில் நேர்ந்தது. திட்டுகளில் சென்று ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு அவற்றை உயிருள்ளவர் மூளையிலேயே காட்டும் பெட் படமுறையை, பிட்ஸ்பர்க்கின் வில்லியம் கிளங்கும் செஸ்டர் மேத்திஸும் 2004இல் வெளியிட்டிருந்தனர். அவ்வழியில் உருவான புளோர்பீட்டாபிர் என்னும் மருந்து அமெரிக்க மருந்து ஒப்புதல் அமைப்பின் முன் வந்தது. அது திட்டுகளைக் காட்டுகிறது என்பதற்கு, இறந்தோரின் மூளையோடு ஒப்பிட்ட சான்று இருந்தது. ஆயினும் வல்லுநர் குழு உடனடி ஒப்புதலை 13க்கு 3 என்ற வாக்கில் மறுத்தது. வாசிப்போர் ஒருவரோடொருவர் ஒத்துப்போவர் என்பதற்குப் போதிய உறுதியில்லை என்பதே குறை. பயிற்சி முறை ஒன்றை வகுத்து, அது பயனளிப்பதை மெய்ப்பித்தால் ஒப்புதல் தரலாம் என்று அக்குழுவே 16 வாக்குகளாலும் ஒருமனதாகக் கூறியது. 2012 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. கருவி தேறிய பின்னும், அதைப் படிக்கும் கண்கள் தேறும்வரை கதவு திறக்கவில்லை.

அப்பயிற்சியின் விதிகள் எளியவை. படத்தை வண்ணத்திலன்றிச் சாம்பல் நிறச் சாயல்களில் காண வேண்டும். நோயாளியின் கதையை அறியாமலே தீர்ப்புக் கூற வேண்டும்; ஏனெனில் முன்னரே கேட்ட கதை கண்ணைத் தன் பக்கம் சாய்த்துவிடும். 'உண்டு', 'இல்லை' என இரண்டில் ஒன்றைத் துணிய வேண்டும். திட்டு உண்டு என்பதாலேயே அல்சைமர் நோய் என்று முடிவுகட்டவும் கூடாது. நலமாயிருக்கும் முதியோர் சிலரின் மூளையிலும் திட்டுகள் உண்டு.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். மலேசியச் சுகாதார அமைச்சின் 2018ஆம் ஆண்டு ஆய்வு, 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 8.5 பேருக்கு முதுமறதி நோய் இருக்கக்கூடும் என்று கண்டது. திட்டுகளைக் கரைக்கும் லெக்கனெமாப் என்னும் மருந்து 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றது. திட்டு உண்டென உறுதி செய்யாமல் அதனைத் தொடங்கலாகாது. தொடங்கிய பின் மூளையில் வீக்கமோ கசிவோ உண்டா என எம்.ஆர்.ஐ. படங்களால் கண்காணிக்க வேண்டும். ஆதலின் ஒருவர் வாசிப்பு பிழைத்தால், வேண்டாதவருக்கு மருந்தும் வேண்டியவருக்கு வெறுங்கையும் கிடைக்கும்.

இங்கே மொழிக்கும் ஒரு கடமை உண்டு. படத்திற்கு முன்னே கேள்விகள் வருகின்றன. பள்ளி செல்லாமல் தோட்டத்தில் பால்வெட்டிய ஒரு பாட்டியிடம் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால், அவர் தடுமாறுவது நோயாலா, கணக்குக் கற்காமையாலா? கல்வியின்மை நோயாகத் தோன்றாதபடி வினாக்களை அமைக்க முயன்ற 10/66 ஆய்வுக் குழு 1998இல் கொச்சியில் தோன்றியது. சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்களாயின. ஒரே வினாவை எல்லாரும் ஒரே பொருளில் கேட்கும்படி தமிழில் ஆக்கித் தருவதும் வாசிப்பு ஒருமைப்பாடே. 'வயதானால் அப்படித்தான்' என்று நாம் ஒதுக்கிவிடுவதும் ஒரு வாசிப்புத்தான். மற்றொரு கண்ணிடம் காட்டாமல் அதனைத் தீர்ப்பாக்கிவிட வேண்டா என்பதே என் வேண்டுகோள்.