குறட்டையும் இதயத் துடிப்பும்: ஒரு சின்ன வரலாறு

எங்க திண்டிவனம் பக்கம் குறட்டையை யாரும் வியாதியாகப் பார்ப்பதில்லை. "மனுஷன் அசந்து தூங்குறாரு, எழுப்பாதீங்க" என்பார்கள். எனக்கும் பல வருடம் அந்த மரியாதை கிடைத்தது. பிறகு விடிகாலையில் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. பகலில் எடுத்த ஈசிஜியில் ஒன்றுமில்லை. இரவு முழுக்க ஒயர் மாட்டிப் பதிவு செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது: தூக்கத்தில் மூச்சு நிற்கிறது, கூடவே துடிப்பும் தடுமாறுகிறது. இந்த இரண்டுக்குமான உறவை மருத்துவ உலகம் எப்படிக் கண்டுபிடித்தது என்று தேடியபோது சேர்ந்த குறிப்புகள் இவை.

1956இல் அமெரிக்க மருத்துவர் பர்வெல்லும் சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். சீட்டாட்டத்தில் ஜெயிக்கிற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போன பருமனான வியாபாரி அவர். டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் எந்நேரமும் தூங்கும் ஜோ என்ற பையன் வருகிறான். அவனை நினைத்து, இந்த நோய்க்கு 'பிக்விக்கியன் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் பகலில் தூங்குவதைப் பார்த்தார்களே தவிர, இரவில் மூச்சு நிற்பதைப் பார்க்கவில்லை. அதை 1965இல் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் தூக்கத்தைப் பதிவு செய்த ஆய்வாளர்கள்தான் கண்டார்கள்.

இதயம் இந்தக் கதைக்குள் வருவது அடுத்த கட்டத்தில். கில்லெமினோ குழு 1983இல் 400 நோயாளிகளின் இரவுப் பதிவுகளை வெளியிட்டது. 48 சதவீதம் பேருக்குத் துடிப்பில் கோளாறு. 43 பேருக்கு இதயம் சில நொடிகள் நின்றே போயிருந்தது. அதிகபட்சம் 13 நொடி!

காரணம் என்ன? தொண்டை அடைத்துக்கொண்ட பிறகும் நெஞ்சு காற்றை இழுத்துப் பார்க்கிறது. அந்த இழுப்பில் இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. ஆக்சிஜன் குறைகிறது, துடிப்பு மந்தமாகிறது. மூளை திடுக்கிட்டு எழுப்பியதும் துடிப்பு சட்டென்று எகிறுகிறது. இதே ஏற்ற இறக்கம் ஒரு ராத்திரியில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கலாம். வருடக்கணக்கில் இப்படியே போனால் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கிற 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' வர வாய்ப்பு கூடுகிறது.

அந்தக் காலத்தில் இதற்கு உறுதியான வைத்தியம் தொண்டையில் துளை போடுவதுதான். 1981இல் சிட்னியின் காலின் சல்லிவன் மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, மூடும் தொண்டையைத் திறந்து வைக்கலாம் என்று ஐந்து பேரிடம் காட்டினார். இன்றைய சிபாப் மெஷின் அதன் வாரிசு.

மெஷின் மந்திரக்கோல் அல்ல. 2016இல் வெளியான, இந்தியர்களும் பங்கேற்ற 'சேவ்' ஆய்வில் 2,700 பேர் வரை இருந்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் அதில் குறையவில்லை. ஆனால் அவர்கள் மெஷின் மாட்டியது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான். பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன.

பகல் தூக்கம் குறைவது சின்ன லாபமா? விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில் ராத்திரி வண்டி ஓட்டுபவர்களை நினைத்துப் பாருங்கள். சாலையோரம் முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரை மணி தூரத்தில்தான் திண்டிவனமும். உங்கள் வீட்டில் குறட்டை சத்தம் திடீரென்று நின்று, மூச்சுத் திணறலோடு மறுபடி ஆரம்பித்தால், நிற்கிற நேரத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பத்து நொடியைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.