குறுகிய மனையும் குளிர்ந்த வீடும்: பழைய கெய்ரோவில் ஃபிக்ஹின் பங்கு

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' ஓதப்படும் நம் அரபிக் கல்லூரிகளில், 'ஸுல்ஹ்' எனும் சமாதான உடன்படிக்கைப் பாடத்தின் பிற்பகுதி பெரும்பாலும் விரைவாகவே கடந்து செல்லப்படுகிறது. பொதுவழியின் மேல் மாடத்தை நீட்டுவோர் அதை எவ்வளவு உயரத்தில் அமைக்க வேண்டும், முட்டுச்சந்தில் நீட்டுவதாயின் யாருடைய இசைவு தேவை, இரு வீட்டாருக்கும் பொதுவான சுவரில் எவருக்கு என்ன உரிமை என்பன போன்ற சட்டங்கள் அங்கே பேசப்படுகின்றன. நிமிர்ந்து நடப்பவர் தலையில் இடிக்காத உயரம் வேண்டும்; வணிகக் கூட்டங்கள் செல்லும் வழியாயின் ஒட்டகத்தின் மேலுள்ள சிவிகை தடையின்றிச் செல்ல வேண்டும் என்று இமாமவர்கள் வரையறுக்கிறார்கள். ஒட்டகமும் சிவிகையும் இல்லாத ஊரில் இது எதற்கு என்று மாணவர் கேட்பதுண்டு. நெருக்கமான நகரங்களில் சிறு வீடுகள் எவ்வாறு எழுந்தன என்று ஆராய்பவருக்கோ இப்பகுதி ஒரு புதையலாகும்.

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 1047ஐ ஒட்டி எகிப்துக்கு வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், ஃபுஸ்தாத் நகரம் தொலைவிலிருந்து மலைபோல் தோன்றியது என்கிறார். 7 அடுக்கு வீடுகளும் 14 அடுக்கு வீடுகளும் அங்கிருந்தனவாம். 30 முழத்துக்கு 30 முழம் மனையில் எழுந்த கட்டடத்தில் 350 பேர் வாழ்ந்ததாகத் தாம் கேள்வியுற்றதையும் எழுதுகிறார். பயணியின் வியப்பில் மிகை கலந்திருக்கலாம். எனினும் நிலம் அரிதான நகரில் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன என்பதில் ஐயமில்லை.

மம்லூக் காலத்தில் அந்த வளர்ச்சி 'ரப்உ' என்னும் வாடகைக் குடியிருப்பாக முதிர்ந்தது. கீழே கடைகளும் பண்டகசாலைகளும் இருக்க, மேலே குறுகிய முகப்புடைய வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும். பொது நடைவழியிலிருந்து ஒரு வாயில். உள்ளே சிறு கூடமும் கழிப்பிடமும் தண்ணீர்ச் சாடிகளுக்கான மாடமும். வீட்டுக்குள்ளேயே ஒரு படிக்கட்டு. மேல்தளத்தில் உறங்கும் அறை. அகலத்தில் கிடைக்காத இடத்தை உயரத்தில் பெற்றார்கள். ஸுல்தான் அல்கூரீ 1504-05இல் எழுப்பிய வகாலாவின் மேல்தளங்களில், ஒவ்வொன்றும் மூன்று தளங்கள் கொண்ட இத்தகைய வீடுகளை இன்றும் காணலாம்.

இவ்வாறு ஒட்டிக் கட்டுவதற்குச் சுவரைப் பகிரும் மனம் வேண்டும். அண்டைவீட்டார் தம் சுவரில் உத்திரம் பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதை ஏற்கத் தயங்கியவர்களைக் கடிந்தும் கொண்டார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) இதைக் கடமையாகக் கொண்டார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் புதிய கருத்துப்படி இது விரும்பத்தக்கதே. சுவரின் உரிமையாளரைக் கட்டாயப்படுத்த முடியாது. கடமையோ விருப்பமோ, இதன் பயன் இரட்டிப்பானது. இரு வீட்டுக்கு ஒரு சுவர் என்றால் கல்லும் கூலியும் மிச்சம். அதோடு, இருபுறமும் வீடுகளுள்ள சுவரில் வெயில் படாது. முகப்பும் கூரையுமே வெப்பத்தை வாங்கும். முகப்புக்கும் குறுகிய சந்தின் நிழல் துணைநிற்கும்.

ஆனால் காற்று? இங்கே ஃபிக்ஹ் நாம் எதிர்பார்ப்பதுபோல் பேசவில்லை. ஒருவர் தம் மனையில் கட்டடத்தை உயர்த்தி, அதனால் பக்கத்து வீட்டுக்கு வெயிலும் காற்றும் மறைந்தாலும் அவரைத் தடுப்பதற்கில்லை என்பதே மாலிகீ மத்ஹபின் பரவலான கருத்து. தானியம் தூற்றும் களத்துக்கு மட்டும் அறிஞர் பலர் விலக்களித்தனர்; அங்கே காற்றே பிழைப்பு. துனிஸ் நகரில் காழிக்குத் துணைநின்ற கொத்தனாரும், கட்டடச் சட்டங்களைப் பற்றித் தனி நூலே எழுதியவருமான இப்னுர் ராமீ (ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டு) இத்தகைய வழக்குகளை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

சட்டம் உறுதியளிக்காத காற்றை மக்கள் கூரைக்கு மேலே தேடினர் என்றே நாம் கருதுகிறோம். வடக்கு நோக்கித் திறந்த 'மல்கஃப்' என்னும் காற்றுவாங்கி, அண்டைவீட்டுச் சுவர்களுக்கு மேலே வீசும் வாடையைப் பிடித்துக் கூடத்துக்குள் இறக்கியது. பாதஹன்ஜ் என்பதும் அதன் பெயரே. அது இல்லாத வீடு அரிது என்று கி.பி. 1200ஐ ஒட்டி எகிப்தில் தங்கிய மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ பதிவு செய்கிறார். சந்தின் பக்கம் மரச் சல்லடையாலான மஷ்ரபிய்யா நீண்டிருந்தது. மின்ஹாஜ் உயரம் வகுத்த மாடம் இத்தகையதுதான். பருகுதலைக் குறிக்கும் 'ஷரிப'விலிருந்தே அப்பெயர் வந்தது என்பர். கசியும் மண்சாடிகளை அதன் பின்னே வைத்தால் தண்ணீரும் குளிரும், சாடியைத் தடவி வரும் காற்றும் குளிரும். பெண்கள் பிறர் பார்வையில் படாமல் வெளியே காணலாம். ஒரே மரவேலையில் நிழல், காற்று, மறைவு மூன்றும் கிடைத்தன.

ரப்உகளுள் பல வக்ஃபுச் சொத்துகள். அவற்றின் வாடகையில் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் நடந்தன. ஆயினும் அவை பரம ஏழைகளின் வீடுகள் அல்ல. கைவினைஞரும் நடுத்தர வணிகருமே அங்கு வாழ்ந்தனர் என்றும், வறியோர் 'ஹவ்ஷ்' எனும் முற்றங்களில் குடிசைகளில் ஒதுங்கினர் என்றும் பிரெஞ்சு வரலாற்றாளர் ஆந்த்ரே ரேமோன் காட்டியுள்ளார். நம் பெருமைகளைப் பேசும் நூல்கள் இதைச் சொல்வதில்லை.

அந்த ஏழைகளை எண்ணியவர் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ (மறைவு 1989). 1350இல் எழுந்த முஹிப்புத்தீன் இல்லத்தின் பழைய மல்கஃப் எவ்வாறு இயங்குகிறது என்பதை அவர் ஆராய்ந்து 1986இல் வெளிவந்த நூலில் விளக்கினார். அதற்கு முன்பே, லக்ஸருக்கு அருகில் தொல்கல்லறைகள் மேல் வாழ்ந்த மக்களை இடம்பெயர்க்க, 1945இல் புதிய குர்னா ஊரைக் கட்டும் பொறுப்பை அரசு அவரிடம் அளித்தது. மரம் வேண்டாத வளைவுக் கூரைகளை நூபியக் கொத்தனார்களைக் கொண்டு பச்சைச் செங்கல்லால் எழுப்பினார். செலவு குறைவு; வீடும் குளிர்ச்சி. ஆனால் வேலை பாதியில் நின்றது. கல்லறைகளை ஒட்டியே தம் பிழைப்பைக் கொண்டிருந்த மக்கள் புதிய ஊருக்கு வர மறுத்தனர். முட்டுச்சந்தில் ஒரு மாடத்தை நீட்டவே மற்ற வீட்டாரின் இசைவு வேண்டும் என்பது மின்ஹாஜின் சட்டம். குர்னாவிலோ ஊரையே பெயர்க்கும் முடிவு, அவ்வூராரின் இசைவைப் பெறாமலே கெய்ரோவில் எடுக்கப்பட்டிருந்தது.