கோவில்பட்டி – சென்னை: தொலைவும் பயண நேரமும்

தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் நகரமான கோவில்பட்டிக்கும் சென்னைக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். சாலையில் 560 கிலோமீட்டர் சொச்சம். ரயிலில் 590-ஐ ஒட்டி வரும். ரயில் திண்டுக்கல்லைத் தொட்டுவிட்டுப் போகிறது. நான்குவழிச் சாலையோ திருச்சியிலிருந்து துவரங்குறிச்சி, மேலூர் வழியாக மதுரைக்கு நேரே இறங்கிவிடுகிறது.

மதுரைக்குத் தெற்கே வாகனங்கள் செல்வது தேசிய நெடுஞ்சாலை 44. பழைய ஆட்களுக்கு அது இன்னும் ஏழாம் நம்பர் ரோடுதான். திருமங்கலம், விருதுநகர், சாத்தூர் தாண்டிக் கோவில்பட்டி. மதுரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். அதற்கப்பால் எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் இடைசெவல், கயத்தாறு, பிறகு திருநெல்வேலி.

இந்தத் தட்டை நிலத்தில் ரோடு போடுவது சுலபம் என்று தோன்றும். கரிசல் அப்படி விடுவதில்லை. மழையில் ஊறினால் உப்புகிறது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறது. மேலே தார் எவ்வளவு கனமாக இருந்தாலும் அடிமண் அசைந்தால் சாலை அலைபோல் நெளியும். அதனால்தான் சரள்மண்ணைக் கொட்டி இறுக்கி மேடாக்கி, நீர் தேங்காமல் வடிய வழி செய்து, அதன்மேல் சாலை அமைக்கிறார்கள். இப்போது சென்னைக்குக் காரில் எட்டு, ஒன்பது மணி நேரம். பேருந்தில் ஒன்பது, பத்து.

கோவில்பட்டியில் பயணிகள் விமான நிலையம் இல்லை. அருகில் இருப்பவை இரண்டு. ஒன்று வாகைகுளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையம், ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மற்றது மதுரை, சுமார் 90 கிலோமீட்டர். வாகைகுளத்தில் ஓடுபாதை 1,350 மீட்டராகக் குறுகியிருந்தவரை சிறிய ஏ.டி.ஆர். விமானங்களுக்கே இடம். அது 3,115 மீட்டராக நீண்டது. புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது.

வானில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் கணக்கு வீட்டு வாசலில் தொடங்குகிறது. வாகைகுளம் போக ஒன்றேகால் மணி, சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை மணி, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கி ஊருக்குள் போக இன்னொரு மணி. ஐந்தேகால் மணி நேரம் ஆகிவிடுகிறது. ஊரின் இரண்டு புகழ்பெற்ற சரக்குகளில், 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய்க்கு விமானத்தில் தடையில்லை; தீப்பெட்டியைப் பெட்டிக்குள் வைத்தால் எடுத்துவிடுவார்கள்!

விமானத்துக்கு நிஜமான போட்டி ரயில்தான். கரிசல் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக உதவிய மதுரை – தூத்துக்குடி இருப்புப்பாதை 1876 முதல் இவ்வூர் வழியே ஓடுகிறது. மதுரை – திருநெல்வேலித் தடம் இரட்டைப் பாதையானபின், எதிர் வண்டிக்காக ஸ்டேஷனில் காத்துக் கிடப்பது குறைந்தது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய சென்னை – நாகர்கோவில் வந்தே பாரத் கோவில்பட்டியில் நிற்கிறது. எழும்பூரிலிருந்து ஏறக்குறைய ஆறரை மணி நேரம். நெல்லை எக்ஸ்பிரஸும் முத்துநகர் எக்ஸ்பிரஸும் இரவோடு இரவாகக் கொண்டு சேர்க்கின்றன. அவற்றில் பகல் பொழுது வீணாவதே இல்லை.

ஆக, சென்னை மட்டும் போகிறவருக்கு விமானத்தால் மிச்சமாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். மீனம்பாக்கத்தில் இறங்கி அங்கேயே அடுத்த விமானம் பிடிப்பவருக்குத்தான் வாகைகுளம் உண்மையில் லாபம்.